முன்னால் ஹேவ் வருமா, இஸ் வருமா?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ சனிக்கிழமை காலையில் ஒரு டியூசன் வகுப்பைக் கடந்து போனால் இந்த ராகம் காதில் விழும்: "கோ, வென்ட், கோன். ஈட், ஏட், ஈட்டன். டேக், டுக், டேக்கன்." பிள்ளைகள் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். ஐம்பது வினைச்சொல்லை ஒரே மூச்சில் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அதே பிள்ளையிடம் "தம்பி டவுனுக்குப் போயிருக்கான்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் "ஹீ இஸ் வென்ட்" என்கிறது, அல்லது "ஹீ இஸ் கோ" என்கிறது. "கோன்" என்ற சொல் அதற்குத் தெரியும். எங்கே வைப்பது என்பதுதான் தெரியாது. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் இதே நிலையில் போகிற பிள்ளைகள் மலையகத்தில் ஏராளம். அவர்களுக்கு மனப்பாடம் போதவில்லை என்று சொல்லி இன்னும் நீளமான பட்டியலைக் கொடுப்பது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

பட்டியலில் தப்பில்லை. மூன்று கட்டங்களையும் ஒரே மாதிரி கோடு போட்டு வரிசையாக அடுக்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முதல் கட்டத்தை வைத்து ஒரு வாக்கியம் சொல்லலாம்: "தே கோ." இரண்டாம் கட்டத்தை வைத்தும் சொல்லலாம்: "தே வென்ட்." மூன்றாம் கட்டத்தை மட்டும் வைத்து "தே கோன்" என்று சொல்ல முடியாது. பாஸ்ட் பார்ட்டிசிப்பிள், வகுப்பில் வி த்ரீ என்று சொல்கிறோமே, அது வாக்கியத்தின் வினையாகத் தனியே நிற்காது. அதற்கு முன்னால் ஹேவ் குடும்பத்தில் ஒன்று வேண்டும்: ஹேவ், ஹேஸ், ஹேட். அல்லது பீ குடும்பத்தில் ஒன்று வேண்டும்: ஏம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பெயர்ச்சொல்லை ஒட்டி, அதை விவரிக்கிற சொல்லாக நிற்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த மூன்று இடங்களும் போதும்.

இன்னொன்று: பெயரில் "பாஸ்ட்" இருப்பதால் மூன்றாம் கட்டம் இறந்தகாலத்தைச் சொல்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். காலத்தைக் காட்டுவது முன்னால் நிற்கிற துணைவினைதான். "இஸ் ப்ளக்ட்" என்றால் பறிக்கப்படுகிறது, "வாஸ் ப்ளக்ட்" என்றால் பறிக்கப்பட்டது, "வில் பீ ப்ளக்ட்" என்றால் பறிக்கப்படும். "ப்ளக்ட்" மூன்றிலும் அப்படியே இருக்கிறது. அதனால் துணைவினையை விட்டுவிட்டு மூன்றாம் கட்டத்தை மட்டும் படிப்பதில் பலனில்லை. ஒப்பிக்கத்தான் வேண்டுமென்றால் "கோ, வென்ட், ஹேவ் கோன்" என்று ஒப்பிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சொல் கூடுகிறது. ஆனால் பிள்ளையின் நாக்கு "கோன்" என்பதை இனி எப்போதும் துணையோடுதான் எடுக்கும்.

"இருக்கு" என்பதில் ஒளிந்திருக்கும் இரண்டு

"ஹீ இஸ் வென்ட்" என்ற பிழை சோம்பலால் வருவதில்லை, தமிழிலிருந்து வருகிறது. "போயிருக்கான்", "வந்திருக்காங்க", "பூட்டியிருக்கு" எல்லாவற்றிலும் "இரு" இருக்கிறது. "இரு" என்றால் ஏம், இஸ், ஆர் என்று மூன்றாம் தரத்திலேயே பதிந்துவிட்டது. எனவே "வந்திருக்கேன்" என்பது "ஐ ஏம் கம்" ஆகிறது. பிள்ளையின் தர்க்கம் சரியானது. தமிழில் ஒரே "இருக்கு" ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "அம்மா கதவைப் பூட்டியிருக்காங்க." "கதவு பூட்டியிருக்கு." தமிழில் வினை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது "மதர் ஹேஸ் லாக்ட் தி டோர்." இரண்டாவது "தி டோர் இஸ் லாக்ட்." மண்சரிவுக் காலத்தில் அன்றாடம் கேட்கிற பேச்சிலும் இதுதான்: "பொலிஸ் ரோட்டை மூடியிருக்கு" என்றால் "தி பொலிஸ் ஹேவ் க்ளோஸ்ட் தி ரோட்." "ரோடு மூடியிருக்கு" என்றால் "தி ரோட் இஸ் க்ளோஸ்ட்." எழுவாய் அந்த வேலையைச் செய்ததா, அல்லது வேலை அதன் மேல் நடந்ததா என்பதுதான் வித்தியாசம். செய்தது என்றால் ஹேவ். அதன் மேல் நடந்தது என்றால் பீ.

இதை விளக்கும்போது "ஆள் என்றால் ஹேவ், பொருள் என்றால் இஸ்" என்று சுருக்கிச் சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது சீக்கிரம் உடைந்துவிடும். "பஸ் வந்திருக்கு" என்பதில் பஸ் ஒரு பொருள்தான், ஆனாலும் "தி பஸ் ஹேஸ் கம்" என்றுதான் சொல்ல வேண்டும். "மரம் விழுந்திருக்கு" என்றால் "எ ட்ரீ ஹேஸ் ஃபாலன்." "மழை பெஞ்சிருக்கு" என்றால் "இட் ஹேஸ் ரெய்ன்ட்." ஆள், பொருள் என்று பிரிப்பது உதவாது. உதவுகிற சோதனை தமிழிலேயே இருக்கிறது, தமிழ்ப் பாடத்தில் படிக்கிற இரண்டாம் வேற்றுமை உருபு. எழுவாயோடு "ஐ" சேர்த்து அதே வினையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். "கதவைப் பூட்டு" என்று சொல்லலாம், அப்படியானால் "கதவு பூட்டியிருக்கு" என்பதற்கு இஸ். "பேரை எழுது" என்று சொல்லலாம், அப்படியானால் "பலகையில பேர் எழுதியிருக்கு" என்பது "தி நேம் இஸ் ரிட்டன் ஆன் தி போர்ட்." "மரத்தை விழு" என்று சொல்ல முடியாது. "பஸ்ஸை வா" என்று சொல்ல முடியாது. அங்கெல்லாம் ஹேஸ். ஏழாம் தரப் பிள்ளைகூட இந்தச் சோதனையை மனதுக்குள் ஒரு நொடியில் போட்டுப் பார்க்கும், ஏனென்றால் எது தமிழாகக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வினையில் குழப்பம் என்றால் எழுவாயையும் வினையையும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

இதே சோதனை இன்னொரு பெரிய பிழையையும் தீர்க்கிறது. "அன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" என்று எழுதாத வகுப்பே இல்லை. விபத்து தானாக நடந்தது, யாரும் அதை "நடக்க" முடியாது. "விபத்தை நட" என்பது தமிழே ஆகாது. அதனால் "வாஸ்" வராது, "அன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்" என்று நிறுத்த வேண்டும். "கூட்டம் நடந்தது" என்பதும் அப்படித்தான். ஆனால் "கூட்டத்தை நடத்து" என்று சொல்ல முடியும் அல்லவா? "நடத்து" என்ற வினைக்கு ஆங்கிலத்தில் "ஹோல்ட், ஹெல்ட், ஹெல்ட்." எனவே "தி மீட்டிங் வாஸ் ஹெல்ட்" சரி. "தாத்தா இறந்துட்டாரு" என்பதற்கு "ஹீ வாஸ் டைட்" வராது, "ஹீ ஹேஸ் டைட்" அல்லது "ஹீ டைட்." "ஹீ இஸ் டெட்" என்பதும் சரிதான், ஆனால் "டெட்" இந்தப் பட்டியலில் இல்லாத தனிச் சொல். அரைவ், கம், கோ, ஃபால், டை, ஹேப்பன் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி "வாஸ் வேண்டாம்" என்று சுவரில் ஒட்டி வைத்தால் பாதிப் பிழை குறையும்.

சோதனை வழுக்குகிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும். "நான் பிறந்தேன்" என்பதில் "என்னைப் பிற" வராது, ஆனாலும் ஆங்கிலத்தில் "ஐ வாஸ் பார்ன்" தான். ஆங்கிலம் அங்கே தாயின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. "என்னைப் பெற்றார்" என்று மாற்றினால் சோதனை மறுபடி வேலை செய்யும். விண்ணப்பம் நிரப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தேவைப்படும்: "ஐ வாஸ் பார்ன் இன் நாவலப்பிட்டி இன் 2011." "ஐ ஏம் பார்ன்" என்று எழுதக் கூடாது. இன்னொரு வழுக்கல் "கப்பு உடைஞ்சிருக்கு", "சட்டை கிழிஞ்சிருக்கு" போன்றவை. தமிழில் உடைந்த, உடைத்த என்று இரண்டு வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "ப்ரேக்." அப்படி வரும்போது வினையை "உடைத்த", "கிழித்த" பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சோதிக்க வேண்டும். "கப்பை உடை" வருகிறது, எனவே "தி கப் இஸ் ப்ரோக்கன்." "சட்டையைக் கிழி" வருகிறது, எனவே "தி ஷர்ட் இஸ் டோர்ன்." "தி பஸ் இஸ் கோன்" என்றும் வெள்ளைக்காரர்கள் சொல்வார்களே என்று யாராவது கேட்டால், ஆமாம், சொல்வார்கள். "கோன்" அங்கே "இப்போது இங்கே இல்லை" என்ற நிலையைச் சொல்கிறது. ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம்.

கொழுந்து முதல் ஏலம் வரை

பீ குடும்பத்தைப் பழக மலையகப் பிள்ளைக்கு வேறு பயிற்சிப் புத்தகம் தேவையில்லை. தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய் பெட்டியாகிற வரைக்கும் நடப்பதைச் சொன்னாலே போதும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் செய்கிறார் என்பது முக்கியமில்லை, கொழுந்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் பீ வருகிற இடமே அதுதான். "தி லீஃப் இஸ் ப்ளக்ட்." பறிக்கப்படுகிறது. "இட் இஸ் வேய்ட்." நிறுக்கப்படுகிறது. பிறகு வாட்டுத் தட்டில் பரப்பி வாட்டுவது "விதர்ட்", ரோலரில் உருட்டுவது "ரோல்ட்", புளிக்க விடுவது "ஃபெர்மென்டெட்", சூட்டில் காய வைப்பது "ஃபயர்ட்", சலிப்பது "சிஃப்டெட்", தரம் பிரிப்பது "க்ரேடெட்", பொதி செய்வது "பேக்ட்." ஒன்பதும் ஈ டி சேர்க்கிற ஒழுங்கான வினைகள். இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் ஒன்றே, மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. ஒழுங்கற்ற வினைகளை இதற்குள்ளேயே ஒவ்வொன்றாக நுழைக்கலாம். ஸ்டோருக்குக் கொண்டு வருவது "இஸ் ப்ராட்", தட்டில் பரப்புவது "இஸ் ஸ்ப்ரெட்", கொழும்புக்கு அனுப்புவது "இஸ் சென்ட்", ஏலத்தில் விற்பது "இஸ் சோல்ட்."

இதை முழுவதுமாக ஒருமுறை நிகழ்காலத்தில் சொன்ன பிறகு, இஸ் எல்லாவற்றையும் வாஸ் ஆக்கி மறுபடி சொல்ல வேண்டும். வாக்கியத்தில் வேறு எதுவும் மாறாது. வரலாற்றையும் சேர்க்கலாம்: "டீ வாஸ் ப்ளான்டெட் அட் லூல்கந்துர இன் 1867." "தி ஃபர்ஸ்ட் டீ ஆக்ஷன் வாஸ் ஹெல்ட் இன் கொழும்பு இன் 1883." வருடம் குறிப்பிட்ட இரண்டிலும் வாஸ் தான் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கிற மூன்றாவது இடமும் ஸ்டோரிலேயே இருக்கிறது. பி.ஓ.பி. என்று பெட்டியில் அடிக்கிற தரத்தின் முழுப்பெயர் ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. அந்த "ப்ரோக்கன்" ப்ரேக்கின் மூன்றாம் கட்டம். பச்சைக் கொழுந்திலிருந்து பிரித்துக் காட்ட, முடிந்த தேயிலையை "மேட் டீ" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள், அந்த "மேட்" மேக்கின் மூன்றாம் கட்டம். தபால் கந்தோரில் "ரெஜிஸ்டர்ட் போஸ்ட்", பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "சர்டிஃபைட் காப்பி." தோட்டத்துப் பெற்றோர்கூட இந்தச் சொற்களை வாயில் வைத்திருக்கிறார்கள். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பதுபோலவே இதுவும் நிற்கிறது: உடைந்த கப், "ப்ரோக்கன் கப்." வரிசை மாறாததால் மூன்று இடங்களில் இதுதான் நமக்கு ஆகச் சுலபம். ஒரே எச்சரிக்கை, ஐஎன்ஜி வடிவத்தோடு குழப்பிவிடக் கூடாது. "ஐ ஏம் போர்ட்" என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. "ஐ ஏம் போரிங்" என்றால் மற்றவர்களுக்கு நான் சலிப்பூட்டுகிறேன்.

காதில் விழாத ஈ டி

"தி ரோட் இஸ் க்ளோஸ்" என்று பிள்ளை எழுதுவதற்குக் காரணம் இலக்கணம் தெரியாதது மட்டுமில்லை. கடைசி "ட்" காதில் விழவேயில்லை. தமிழ்ச் சொற்கள் இப்படி இரண்டு வல்லின மெய்களோடு முடிவதில்லை, அதனால் ஒன்று "ட்" விழுங்கப்படுகிறது, அல்லது நடுவில் ஒரு உயிர் நுழைகிறது. "பேக்ட்" என்பது "பேக்கெட்" ஆகி, பொதி செய்யப்பட்டது என்பது பொட்டலம் ஆகிவிடுகிறது. விதி எளிது. வினை வல்லிய "ட்" அல்லது மெல்லிய "ட்" ஒலியில் முடிந்தால் மட்டும் "எட்" என்று தனி அசை வரும்: சிஃப்டெட், க்ரேடெட், ஃபெர்மென்டெட், ப்ளான்டெட். மற்ற எங்கும் அசை கூடாது. க், ப், ஸ், ஷ், ச், ஃப் ஒலிகளுக்குப் பிறகு வல்லிய "ட்": ப்ளக்ட், பேக்ட். மீதி எல்லாவற்றுக்கும் மெல்லிய "ட்", கிட்டத்தட்ட "வண்டு" என்பதில் வருகிற ட போல: ரோல்ட், வேய்ட், ஃபயர்ட். நாக்குக்குப் பழக்க நல்ல வழி, அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்க வைத்து இழுத்துச் சொல்வது. "பேக்ட் இன்" என்பதை "பேக்-டின்" என்றும், "ப்ளக்ட் ஆன்" என்பதை "ப்ளக்-டான்" என்றும் சொல்லச் சொன்னால் "ட்" தானாக வெளியே வரும். வந்த பிறகு எழுத்திலும் விடுபடாது.

பட்டியலை அடுக்கும் விதம்

அகர வரிசையில் அச்சடித்த பட்டியல் அகராதிக்குச் சரி, படிப்பதற்கு உதவாது. ஒழுங்கற்ற வினைகளை உருவத்தின்படி கூறுபோட்டால் சுமை பாதியாகும். மாறவே மாறாதவை முதலில்: கட், புட், ஹிட், ஷட், லெட், காஸ்ட், ஹர்ட், ஸ்ப்ரெட். எழுத்தில் மாறாமல் ஒலியில் மாறுகிற "ரீட்" இதன் கடைசியில், ரீட், ரெட், ரெட். அடுத்தது இரண்டும் மூன்றும் ஒன்றானவை. பெரும் கூட்டம் இதுதான்: ப்ராட், பாட், டாட், காட், தாட் ஒரு கட்டு. கெப்ட், ஸ்லெப்ட், ஸ்வெப்ட் ஒரு கட்டு. சென்ட், லென்ட், ஸ்பென்ட், பில்ட் ஒரு கட்டு. சோல்ட், டோல்ட் ஒரு கட்டு. மேட், ஹேட், செட், பெய்ட், ஃபவுண்ட், லாஸ்ட், லெஃப்ட் தனித்தனி. மூன்றாவது சின்னக் கூட்டம், முதலும் மூன்றும் ஒன்றானவை: கம், கேம், கம். ரன், ரேன், ரன். பிகம், பிகேம், பிகம். "ஷீ ஹேஸ் கேம்" என்ற பிழை இங்கிருந்துதான் வருகிறது, ஆகவே இந்த மூன்றையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

உண்மையான சிரமம் மூன்றும் வேறாகிற நாலாவது கூட்டம். அதிலும் ஒழுங்கு உண்டு. சிங், சேங், சங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். பிகின், ஸ்விம், ரிங், சிங்க் எல்லாம் அதே தாளம். மற்றவற்றில் மூன்றாம் கட்டம் பெரும்பாலும் "ன்" ஒலியில் முடிகிறது. அந்த "ன்" எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் இரண்டு வகை தெரியும். ப்ரோக்கன், ஸ்போக்கன், ஸ்டோலன், சோசன், ஃப்ரோசன், ஃபர்காட்டன் ஆகியவற்றில் இரண்டாம் கட்டத்தோடு ஒட்டுகிறது. டேக்கன், கிவன், ஈட்டன், ஃபாலன், சீன், நோன், க்ரோன், த்ரோன், ட்ரான் ஆகியவற்றில் முதல் கட்டத்தோடு ஒட்டுகிறது. "ஐ ஹேவ் டுக்", "ஐ ஹேவ் கேவ்" என்று வருவது இரண்டாவது வகையை முதல் வகைபோல நினைப்பதால்தான். ரிட்டன், ட்ரிவன், ரிடன் மூன்றும் முதல் கட்டத்தின் எழுத்தை வைத்துக்கொண்டு "ஐ" ஒலியை "இ" ஆக்குகின்றன. கோன், டன், பீன் மூன்றையும் தனியாகப் படித்தே ஆக வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஆரம்பத்தில் தேவைப்படுவது நாற்பதுக்கு மேல் போகாது. ஒரு நாளைக்கு நான்கு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹேவ் வைத்து ஒன்று, பீ வைத்து ஒன்று, பெயர்ச்சொல்லோடு ஒன்று என்று முயல வேண்டும். "கோ" போன்றவற்றுக்கு பீ வாக்கியம் அமையாது. அமையவில்லை என்று பிள்ளையே கண்டுபிடிப்பதும் பயிற்சிதான்.

நேற்று என்று சொன்னால் ஹேவ் இல்லை

மேலே வருடத்தோடு வாஸ் வந்ததன் காரணம் இது. ஹேவ், ஹேஸ் இரண்டும் இப்போதோடு தொடர்புடையவை. நேற்று, போன கிழமை, 2019 இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அவை வரக் கூடாது. தமிழில் "நேத்தே வந்திருக்கான்" என்று தாராளமாகச் சொல்கிறோம், அதனால் "ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே" நமக்குச் சரியாகவே படும். ஆங்கிலத்தில் "ஹீ கேம் யெஸ்டர்டே" மட்டும்தான். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர் ஆகியவையும், இன்றுவரை நீள்கிற சின்ஸ், ஃபோர் இரண்டும் ஹேவோடு நன்றாகப் பொருந்தும். ரோடு நேற்றிலிருந்து மூடிக் கிடக்கிறது என்றால் இரண்டு குடும்பமும் சேர்ந்து வருகிறது: "தி ரோட் ஹேஸ் பீன் க்ளோஸ்ட் சின்ஸ் யெஸ்டர்டே."

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைக்கு இது உடனே உதவும். "ஹேவ் யூ எவர் வர்க்ட் இன் எ கிச்சன்?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஹேவ்" என்று முதலில் ஹேவ் வைத்தே பதில் சொல்ல வேண்டும். எப்போது என்று தொடரும்போது ஹேவை விட்டுவிட வேண்டும்: "ஐ வர்க்ட் இன் எ கிச்சன் இன் பண்டாரவளை இன் 2022." கேள்வியை வேகமாகக் கேட்பார்கள், ஹேவ் பாதி விழுங்கப்பட்டு "வ்" என்று மட்டும் கேட்கும். "ஹீஸ் கோன்", "ஹீஸ் ஃபினிஷ்ட்" என்று கேட்டால் அந்த "ஸ்" இஸ்ஸா, ஹேஸா என்று காதால் பிரிக்க முடியாது. அங்கேயும் அதே சோதனையைப் போடலாம். "அவனைப் போ" வராது, எனவே எழுதும்போது "ஹீ ஹேஸ் கோன்" என்று விரித்து எழுதலாம். "தி டோர்ஸ் லாக்ட்" என்று கேட்டால் "கதவைப் பூட்டு" வருகிறது, அது இஸ்.